முள்ளா, விசரா?

நாயின் நடுக்கம்: தலைமன்னார்க் கரை தெரிந்திருக்க வேண்டியவை

விடிந்தும் விடியாத நேரம். தலைமன்னார் இறங்குதுறைக்கு அப்பால், கரை சேர்ந்த வள்ளங்களைச் சுற்றி ஆட்கள் வலை தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி ஆறேழு நாய்கள். விழும் மீனுக்கு மற்றவை அடிபட, ஒன்று மட்டும் தள்ளி, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மறைவில் கிடக்கிறது. உடம்பு விடாமல் நடுங்குகிறது. கீழ்த்தாடை தொங்கி, எச்சில் நூலாக மணலில் இறங்குகிறது. சூடை மீன் ஒன்றை எறிந்தால் முகர்கிறது; விழுங்க முடியவில்லை. “முள்ளுச் சிக்கியிட்டுது போல” என்கிறார் ஒருவர். இன்னொருவர் வாயைப் பிளந்து பார்க்கக் குனிகிறார்.

மீன்பிடி ஊர் எதிலும் எந்தக் காலையிலும் நடக்கக்கூடிய காட்சி இது. அந்தக் கை அந்த வாய்க்குள் போகவே கூடாது. முள்ளாக இருக்கலாம், பேத்தை மீனைத் தின்றதாக இருக்கலாம், விசராகவும் இருக்கலாம். விசர் பிடித்த நாய் ஊரெல்லாம் ஓடிக் கடிக்கும் என்ற நினைப்பு ஆழமாக வேரூன்றியிருப்பதால், ஒதுங்கி நடுங்கிக் கிடக்கும் நாயை எவரும் சந்தேகிப்பதில்லை. இரக்கமே ஆபத்தாகிவிடும் இடம் அது.

நாய் நடுங்குவதற்குக் காரணங்கள் பல. பெரும்பாலானவை அற்பமானவை. சில, ஒரு மணி நேரத்துக்குள் உயிரைக் கொண்டுபோகக்கூடியவை. இரண்டையும் பிரித்தறிய மருத்துவப் படிப்பு தேவையில்லை. பார்க்கத் தெரிந்தால் போதும்.

உதறல் வேறு, நடுக்கம் வேறு

தமிழில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் இருப்பது வசதி. நனைந்த நாய் உதறுகிறது. குளிரிலோ பயத்திலோ நடுங்குகிறது. நோயில் அதன் தசை வெட்டி இழுக்கிறது. நினைவிழந்து விழுந்து காலடித்தால் வலிப்பு.

உதறல் நோயே அல்ல. கடலில் இறங்கி ஏறும் நாய் தலையில் தொடங்கி வால் வரை உடம்பை முறுக்கி உதறுவது, தோல் தசைக்கு மேல் தளர்வாகக் கிடப்பதால் கைகூடும் வித்தை. அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தினர் 2012இல் எலி முதல் கரடி வரை பல பாலூட்டிகளின் உதறலை அளந்தார்கள். உடம்பு சிறிதாகச் சிறிதாக வேகம் கூடுகிறது: எலி நொடிக்கு 30 தடவை அளவில் உதற, பெரிய நாய்க்கு நான்கைந்து போதுமாக இருந்தது. சில நொடிகளில் உடம்பிலுள்ள தண்ணீரில் 70 வீதம் வரை பறந்துவிடுகிறது. நனையாத நாய் திரும்பத் திரும்பத் தலையை மட்டும் உதறினால் காதைப் பார்க்க வேண்டும். உண்ணி, சீழ், உள்ளே போன மணல் எதுவாகவும் இருக்கலாம்.

நடுக்கம் என்பது தசைகள் மாறி மாறி விரைவாகச் சுருங்கி விரிவது. நாயின் உடல் வெப்பம் இயல்பில் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இருக்கும். அது குறையும்போது தசைகள் தாமே நடுங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன. மன்னார்த் தீவில் குளிர் ஏது என்று கேட்கத் தோன்றும். நனைந்த மயிரும் காற்றும் சேர்ந்தால் 24 பாகையும் குளிர்தான். இந்தத் தீவில் காற்றுக்குப் பஞ்சமில்லை. சோளகம் வீசும் மாதங்களில் மணலை அள்ளி முகத்தில் அறையும். அந்தக் காற்றை நம்பித்தான் 2020இல் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிறுவப்பட்டன. மழையைக் கொண்டுவருவது வாடை. 2020 டிசம்பரில் புரேவிப் புயல் கிழக்குக் கரையைக் கடந்து மன்னார் வளைகுடாவில் வந்து நின்றபோது பெய்தது போன்ற மழையில், கூரையில்லாத நாய்க்கு நடுக்கம் ஒன்றே போர்வை. துடைத்து, காற்றுப் படாத மூலையில் சாக்கு விரித்துவிட்டால் அரை மணியில் அடங்கும். அடங்காவிட்டால் காரணம் குளிரல்ல. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றும் திறன்கூட இல்லை. அது நடுங்காமலே விறைத்துப்போகும்.

மகிழ்ச்சியிலும் நாய் நடுங்கும். நாள்கணக்கில் கடலுக்குப் போன ஆள் திரும்பி வரும்போது காலடியில் சுருண்டு நடுங்கும் நாய்க்கு மருந்து தேவையில்லை. கிழநாயின் பின்னங்கால் நடுக்கம் மூட்டுத் தேய்வாலும் தசை வற்றியதாலும் வருவது. அதற்குப் பனடோலோ வீட்டிலிருக்கும் வேறு வலிமாத்திரையோ கொடுப்பது தவறு. மனிதனின் வலிமாத்திரைகள் நாயின் ஈரலையும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை.

இடியும் வெடியும்

மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரையில் கேட்கும்; நாயின் காது 45,000 வரை எட்டும். தொலைவில் எழும் மெல்லிய ஒலியையும் அது முந்திப் பிடிக்கும். நமக்கு வானம் வெளிறியிருக்கும்போதே நாய் கட்டிலுக்கடியில் புகுந்து நடுங்குவது இதனாலும்தான். போர்க்காலத்தில் விமானம் வருவதை நாயின் ஓட்டத்தைப் பார்த்தே அறிந்து பங்கருக்குள் இறங்கியதாக வடக்கில் பலர் சொல்வார்கள். இன்றைக்கு விமானம் இல்லை. கோயில் திருவிழா, நத்தார், புதுவருடம், கிரிக்கெட் வெற்றி என வெடிக்குக் குறைவில்லை.

பயந்த நாய் வாலை ஒடுக்கும், காதைப் பின்தள்ளும், மூச்சிரைக்கும், எச்சில் வடிக்கும், மண்ணைத் தோண்டும். சங்கிலியை அறுத்து ஓடுவதும் உண்டு. திருவிழாவுக்கு மறுநாள் காணாமற்போன நாயைத் தேடுபவர்களுக்கு இது தெரியும். அது ஒளிந்த இடத்திலிருந்து இழுத்து வெளியே எடுப்பதும், அதட்டுவதும், பழக வேண்டுமென்று வெடியருகே கட்டிவைப்பதும் பயத்தைக் கூட்டும். கதவடைத்த அறை, ஓடும் மின்விசிறியின் சத்தம், பழகிய ஆளின் துணை ஆகியவை உதவும். தடவிக் கொடுத்தால் பயப்படும் பழக்கம் வளர்ந்துவிடும் என்பது பழைய கூற்று. பயம் ஓர் உணர்ச்சி, தந்திரமல்ல. ஆறுதல் அதை வளர்ப்பதில்லை. ஒவ்வொரு இடிக்கும் பித்துப்பிடித்தது போலாகும் நாய்க்கு வைத்தியரிடம் மருந்து உண்டு. வெறும் மயக்க மருந்தைத் தாமாக வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை. உடம்பு கட்டுண்டு கிடக்க, பயம் அப்படியே உள்ளே இருக்கும்.

பெட்டி 1: நடுக்கமா, வலிப்பா?

பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நடுங்கும் நாய் திரும்பிப் பார்க்கும். வலிப்பில் இருக்கும் நாய்க்குக் கேட்காது. வலிப்பில் நாய் பக்கவாட்டில் விழும், கால்களை நீந்துவது போல் அடிக்கும், சிறுநீரோ மலமோ கழிக்கும், முடிந்த பின் சிறிது நேரம் வழி தெரியாமல் அலையும். நாக்கை விழுங்கிவிடும் என்று வாய்க்குள் கரண்டியையோ விரலையோ வைப்பது வேண்டாம். அது நாக்கை விழுங்காது. மோதக்கூடிய பொருட்களை அகற்றி, வெளிச்சத்தைக் குறைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்வதே உதவி. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் திரும்ப வந்தாலோ அவசரம். கைப்பேசியில் அரை நிமிடக் காட்சியைப் பதிவுசெய்தால், வைத்தியருக்கு அது பத்து நிமிட விவரணையைவிடப் பயன்படும்.

கரை தரும் நஞ்சு

கழுதைக்கும் பள்ளிமுனைப் பெருக்க மரத்துக்கும் பெயர்போன தீவு இது. கரையில் வாழும் நாய்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. அவற்றின் உணவு கடலிலிருந்து வருகிறது. அவற்றை நடுங்கவைக்கும் பல பொருட்களும் அங்கிருந்தே வருகின்றன.

முதலாவது பேத்தை. வலையில் வந்தால் எவரும் வீட்டுக்குக் கொண்டுபோகாத மீன், மணலில் எறிந்துவிடுவார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கக்கூடிய டெட்ரோடோடொக்சின் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அறுத்துவிடும். முதலில் வாந்தியும் எச்சிலும், பிறகு தள்ளாட்டமும் நடுக்கமும், கடைசியில் கால்கள் துவண்டு மூச்சுத் தசையும் நின்றுபோகும். நினைவு மட்டும் கடைசிவரை இருக்கலாம். முறிமருந்து இல்லை. நஞ்சு இறங்கும்வரை மூச்சைக் காப்பாற்றுவதே வைத்தியம். காய்ந்து கருவாடானாலும் வெந்தாலும் நஞ்சு போகாது. 2009இல் நியூசிலாந்தின் ஒக்லாந்துக் கரைகளில் நாய்கள் அடுத்தடுத்துச் செத்தபோது, ஒதுங்கிய ஒரு வகை ஓடில்லாக் கடல் நத்தையை ஆராய்ந்தவர்கள் அதிலும் இதே நஞ்சைக் கண்டார்கள். பேத்தையை மணலில் விடாமல் ஆழப் புதைப்பது ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது உப்பு. கருவாட்டு வாடியில் உப்புநீர் தேங்கிய தொட்டியை நக்குவதும், தாகத்தில் கடல்நீர் குடிப்பதும் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி, மூளையிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். வாந்தி, நடுக்கம், வலிப்பு என அது முற்றும். உடனே நிறைய நல்ல தண்ணீரைப் பருக்குவதும் தவறு. ஏறிய உப்பு சடுதியில் இறங்கினால் மூளை வீங்கும். சிறிது சிறிதாகக் கொடுத்தபடி வைத்தியரிடம் போக வேண்டும். நஞ்சு தின்ற நாய்க்கு உப்புக் கரைத்துப் பருக்கி வாந்தியெடுக்க வைக்கும் வீட்டுவைத்தியம் இன்னும் வழக்கில் இருக்கிறது. அது ஒரு நஞ்சின் மேல் இன்னொன்றை ஊற்றுவது. வறண்ட மாதங்களில் வாடி வாசலில் ஒரு சட்டி நல்ல தண்ணீர் வைத்தால் இந்தச் சிக்கலே எழாது.

மூன்றாவது மெதுவாக வேலை செய்வது. சூடை, நெத்தலி வகை மீன்கள் பலவற்றில் தயமின் என்னும் பி1 ஊட்டச்சத்தைச் சிதைக்கும் நொதி உண்டு. வாரக்கணக்கில் பச்சை மீனை மட்டும் தின்னும் நாய் பசி குறைந்து, தள்ளாடி, நடுங்கி, வலிப்புக்குள் போகலாம். அவித்தால் அந்த நொதி அழிந்துவிடும். குசினியில் மீன் அவித்த நீரோடு சோறு பிசைந்து போடும் பழைய பழக்கம் சரியானதுதான். பூஞ்சணம் பிடித்த பாணும் சோறும் வேறு கதை. பூஞ்சணத்தின் சில நஞ்சுகள் நேரடியாக நடுக்கத்தையே உண்டாக்குபவை.

தூண்டில்முள், கெழுத்தி முள், திருக்கை வால் ஆகியவை தரும் வலியிலும் நாய் நடுங்கும். காலைத் தூக்கியபடியோ வாயைத் தேய்த்தபடியோ நடுங்கினால் முதலில் தேட வேண்டியது இவற்றை.

பூச்சிமருந்து நஞ்சு வயல் பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. கட்டுக்கரைக் குளத்து வயலுக்கு வாங்கிய மருந்தில் மிஞ்சியதை உண்ணிக்கு நாயின் முதுகில் பூசுபவர்கள் உண்டு. கண் நீர், எச்சில், வயிற்றோட்டம், ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணி, தோலுக்கடியில் புழு நெளிவது போன்ற தசைத் துடிப்பு, இவை சேர்ந்து வந்தால் அந்த மருந்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். தோலில் பட்டிருந்தால் கையுறை போட்டுச் சவர்க்காரத்தால் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அட்ரோபின் வேளைக்குக் கிடைத்தால் பிழைக்கும் நாய் பிழைக்கும். கறுத்த சொக்லேட்டும் சைலிட்டோல் சேர்ந்த சுவிங்கமும் நாய்க்கு நஞ்சு என்பது பிள்ளைகள் உள்ள வீட்டில் நினைவிருக்க வேண்டியது.

நோயின் நடுக்கம்

தூங்கும்போதும் நிற்காத துடிப்பு என்றால் பெரும்பாலும் டிஸ்டெம்பர் என்னும் கிருமித்தொற்று. ஒரு காலோ தாடையோ மட்டும் கடிகாரம் போல் சீராக வெட்டிக்கொண்டிருக்கும். சில வாரங்களுக்கு முன் கண்ணிலும் மூக்கிலும் பீளை, காய்ச்சல், வயிற்றோட்டம் வந்திருக்கும். கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. பிழைத்த நாய்க்கு அந்தத் துடிப்பு ஆயுளுக்கும் நிற்கலாம், ஆனாலும் தின்று உலாவி வாழும். இந்தக் கிருமி நாயோடு நிற்பதில்லை: 1994இல் ஆபிரிக்காவின் செரெங்கெற்றியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கை அது அழித்தது. மன்னார் மாவட்டத்துக்குத் தெற்கே வில்பத்துவில் சிறுத்தைகள் வாழ்கின்றன என்பதால், ஓர நாய்களுக்கு ஊசி போடுவது காட்டுக்கும் காவல்.

குட்டி ஈன்று இரண்டு மூன்று வாரமான பெட்டைநாய் இருப்புக்கொள்ளாமல் மூச்சிரைத்து, விறைத்த காலோடு நடந்து, நடுங்கினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கியிருக்கிறது. சிறிய சாதி நாய்களில் அதிகம். குட்டிகளை உடனே பிரித்து வைத்தியரிடம் கொண்டுபோனால், நாளத்தில் மெல்ல ஏற்றும் கல்சியம் சில நிமிடங்களில் நாயை எழுப்பிவிடும். மணிக்கணக்கில் தாமதித்தால் வலிப்பில் சாகும். நண்பகலில் மூச்சிரைத்து நடுங்கி விழும் நாய்க்கு வெக்கை அடித்திருக்கலாம். நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், காற்று, பிறகுதான் பயணம். பாம்புக் கடியில் வீக்கமும் நடுக்கமும் தெரிந்தால் கட்டுவதும் கீறுவதும் நேரத்தை வீணாக்குபவை.

ஊமை விசர்

மீண்டும் அந்த வள்ளத்தின் மறைவுக்கு வர வேண்டியிருக்கிறது. விசர்க் கிருமி கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியே மூளைக்கு ஏறி, அங்கிருந்து எச்சில் சுரப்பிக்கு இறங்குகிறது. அதன் பின் நாய் இரண்டில் ஒரு வழியில் போகும். ஒன்று, எல்லாரும் அறிந்த வெறி. மற்றது ஊமை விசர்: குரல் மாறும், தாடைத் தசை செயலிழந்து வாய் தொங்கும், விழுங்க முடியாததால் எச்சில் வடியும், உடம்பு நடுங்கும், பின்னங்கால் இழுபடும். தொண்டையில் முள் சிக்கிய நாயின் தோற்றமும் ஏறக்குறைய இதுவே. வித்தியாசம் ஒன்று உண்டு. முள் சிக்கிய நாய் வாயைக் காலால் பிறாண்டும், இருமும், ஓங்காளிக்கும், ஆளிடம் உதவிக்கு வரும். ஊமை விசரில் நாய் ஒதுங்கும், ஆளை அறியாதது போல் பார்க்கும். இந்த வித்தியாசத்தை நம்பி விரலைப் பணயம் வைக்க முடியாது.

அப்போது செய்ய வேண்டியது சிறிது. பிள்ளைகளை அகற்ற வேண்டும். தொடாமல் முடியுமானால் படலை சாத்திய வளவுக்குள் அடைக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கால்நடை வைத்தியருக்கும் சொல்ல வேண்டும். அடித்துக் கொல்வது இரண்டு வகையில் கேடு. டிஸ்டெம்பரோ பேத்தை நஞ்சோ பிடித்த நாய் வீணாகச் சாகும். உண்மையிலேயே விசரானால், சிதைந்த மண்டையில் சோதிக்க மூளை மிஞ்சாது. ஐஸில் வைத்துக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பும் தலையிலிருந்துதான் நோய் உறுதியாகிறது. எச்சில் பட்ட ஐந்து பேருக்கு ஊசி தேவையா என்பதற்கான விடை அந்தத் தலைக்குள் இருக்கிறது.

பெட்டி 2: எச்சில் பட்டால், கடித்தால்

காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். கீறலும், வெடித்த தோலிலோ கண்ணிலோ வாயிலோ பட்ட எச்சிலும் கடிக்குச் சமம். மீன் வெட்டும் கையில் வெட்டுக்காயம் இல்லாத நாள் குறைவு என்பதை நினைக்க வேண்டும். அரச வைத்தியசாலையில் தடுப்பூசி இலவசம். பல நாள் கழிந்திருந்தாலும் போக வேண்டும். கடித்த நாய் நன்றாக இருந்தால், கட்டி வைத்து 14 நாள் கவனிக்கும்படி இலங்கைச் சுகாதாரத் துறை சொல்கிறது. எச்சிலில் கிருமி வந்த நாய் அத்தனை நாள் நோயின்றி இருக்காது. குட்டிநாய் கடித்தாலும் கணக்கு ஒன்றுதான். நோய் வெளிப்பட்ட பின் மனிதனைக் காப்பாற்ற நம்பத்தகுந்த வைத்தியம் எதுவும் இல்லை.

377இலிருந்து இன்றுவரை

இந்த நாடு விசருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது 1893இல். 1973இல் மட்டும் இலங்கையில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குப் பரவலாக ஊசி போடத் தொடங்கிய பின் எண்ணிக்கை இறங்கி, அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு வந்தது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் விசரால் சாகிறார்கள் என்ற மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் இது பெரிய சாதனை. ஆனாலும் அந்த இருபதும் முப்பதும் தடுத்திருக்கக்கூடியவை. 2006 முதல் தெருநாயைக் கொல்லாமை அரசின் கொள்கை. கொல்வதால் விசர் ஒழியவில்லை என்பதே பல நாடுகளின் அனுபவம்: ஊசி போட்ட நாயைக் கொன்றால் அதன் இடத்துக்கு ஊசி போடாத நாய் வரும். ஓரிடத்து நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி போட்டால் பரவல் அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சிக்கல் அந்த 70இல்தான். வீட்டு நாய்க்கு ஆளிருக்கிறது. கரை நாய்க்கு எல்லாரும் சோறு போடுகிறார்கள், ஊசி நாளில் பிடித்துக் கொடுக்க ஒருவரும் இல்லை. மன்னார் நகரம் தலைமன்னாரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர். நடுங்கும் நாயை முச்சக்கர வண்டியில் அவ்வளவு தூரம் கொண்டுபோவதா என்று யோசிப்பவர் மீது குறை சொல்ல முடியாது. ஆகவேதான் எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதைக் கரையிலேயே தீர்மானிக்கத் தெரிய வேண்டும். தின்று, கூப்பிட்டால் வந்து, ஒரு மணி நேரத்தில் அடங்கும் நடுக்கம் காத்திருக்கும். வாந்தி, தள்ளாட்டம், வெளிறிய முரசு, எச்சில், வலிப்பு இவற்றில் ஒன்று சேர்ந்த நடுக்கம் காத்திருக்காது.

தடுப்பூசிக் குழு ஊருக்கு வரும் நாளில் உங்கள் நாயை அதிகாலையிலேயே கட்டிவைத்திருங்கள். வாடியில் சோறு தின்னும் நாயையும் அன்றைக்கு உங்கள் நாயாகவே நினைத்துக் கயிறு போடுங்கள். ஊசிக்குக் காசில்லை; ஆண்டுக்கு ஒரு தடவை போதும்.